ஐசி கேட்காத கடை

சைபர் கஃபே நடத்த கம்ப்யூட்டர் தெரிவதைவிட, பார்த்தும் பார்க்காதது மாதிரி உட்காரத் தெரிவதுதான் முக்கியம். அடுத்தவர் ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு, அதாவது மருந்துக் கடைக்காரர்களுக்கும் அடகுக் கடைக்காரர்களுக்கும் முடி திருத்துகிறவர்களுக்கும், நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நானும் ஜோசபினும் எங்கள் கடையைத் திறந்தோம். அதற்கு முன் நாங்கள் இருவரும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர்கள். ஒருநாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, வேலையாட்கள் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று லைனில் ஒட்டுக்கேட்டு வந்து தன்னிடம் சொல்லச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஜோசபின் தன் சாப்பாட்டு டப்பாவையும் நான் மறந்துவிட்ட குடையையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அதனால் எங்கள் கடையில் சாமி படம் மாட்டுவதற்கு முன்பே ஒரு சட்டம் போட்டோம். இங்கே உட்கார்ந்து யார் எதைப் படித்தாலும், எதை எழுதினாலும், அது அவர்களோடு எழுந்து போய்விட வேண்டும்.

எச்சில் இலை

சட்டம் போடுவது சுலபம். கம்ப்யூட்டர் அதற்குக் கட்டுப்படுமா? கடை திறந்த புதிதில் கிள்ளானிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். மூலையில் உட்கார்ந்து எதையோ ரொம்ப நேரம் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதே அந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து எதையோ அழுத்தினார். முன்னால் இருந்தவர் பார்த்த பக்கங்களின் பெயரெல்லாம் வரிசையாக விழுந்தது. "யாருக்கோ மார்புல கட்டி போல, பாவம்லா" என்று அவர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். டீச்சர் ஒரு செருப்போடு அப்படியே நின்றார். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்று மாலையே ஜோசபின் அதற்கு வழி கண்டுபிடித்தாள். ஒருவர் எழுந்ததும், அடுத்தவர் உட்காருவதற்கு முன், அந்தக் கணினி ஞாபகம் வைத்திருக்கும் பக்கங்கள், படங்கள், தட்டிய பெயர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். கூட்டம் நெருக்கும்போதும் விடக் கூடாது. "இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று நான் இழுத்தேன். அவள் மாடிப்படியின் பக்கம் கை காட்டினாள். கீழே இலை எடுக்கிற சத்தம் கேட்டது. "சாப்பாட்டுக் கடையில அடுத்த ஆள் உக்காரதுக்குள்ள இலையை எடுக்கிறாங்க. நம்ம மட்டும் ஆளை எச்சில் இலையிலயே உக்கார வைக்கிறோம், உனக்கு வெக்கமா இல்ல?"

சத்தமாக ஒரு ரகசியம்

கனகசபை அங்கிள் எங்கள் கடைக்குத் தினமும் வருகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே அரசாங்க கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை குடும்பம் யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. அங்கே சண்டை, தொலைபேசி கிடையாது. எங்கள் பத்திரிகைகளில் வருவது துண்டுச் செய்தி. இணையத்தில் தேடினால் மட்டும் எந்த ஊரில் ஷெல் விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது தெரியும். ஆனால் இதையெல்லாம் படிப்பது தெரிந்தால் தன் பென்ஷனை நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அதனால் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். எழுந்திருக்கும்போது ஜோசபின் துடைக்கிறாளா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனிதருக்கு ஒரே ஒரு பழக்கம். அந்தக் காலத்து ஆஃபிசில் டைப் செய்த கடிதத்தை ஒரு கிளார்க் சத்தமாக வாசிக்க, இன்னொரு கிளார்க் மூலப் பிரதியில் சரிபார்ப்பாராம். வாசிக்கிற கிளார்க் இவர். அதனால் எழுத்தைக் கண்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், முற்றுப்புள்ளி காற்புள்ளி உட்பட. ரகசியமாகப் படிக்க வேண்டிய செய்தியைப் படிக்கட்டு வரை கேட்கும்படி வாசிப்பார். நான் போய்த் தோளைத் தொட்டுச் சொன்னால் திடுக்கிடுவார், பிறகு கடையைச் சுற்றிப் பார்த்துச் சமாதானமாகிவிடுவார். "என்ன பிள்ளை, எல்லாருக்கும் கேட்டதோ? பறவாயில்லை, எல்லாரும் எங்கட ஆக்கள்தானே."

நம்பர் கடைக்கு ஆள் அனுப்புவது

அப்போது ப்ராக்ஸி என்ற சங்கதியை வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நாம் பார்க்க நினைக்கும் பக்கத்தை நேராகப் போய்த் தட்டாமல், வேறு நாட்டில் இருக்கும் ஒரு கணினியிடம் சொன்னால், அது போய் வாங்கி வந்து நம்மிடம் கொடுக்கும். அந்தப் பக்கத்துக்காரருக்கு வந்தது அந்தக் கணினி என்றுதான் தெரியும், நாம் என்று தெரியாது. இதை இங்கிலீஷில் சொன்னேன், தமிழில் சொன்னேன், மலாயிலும் சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை. கடைசியில் கிள்ளானிலிருந்து வருகிற ஒரு கோயில் கமிட்டிக்காரருக்காக வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணே, நீங்க நாலு நம்பர் லாட்டரி எழுதணும்னா நேரா நம்பர் கடைக்குப் போவீங்களா? பக்கத்து வீட்டுக்காரரை அனுப்புவீங்க. அதான் இது." ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பிறகு எல்லாருக்கும் அதுதான் பாடம்.

விளங்கிய வேகத்தில் அவர், கோயில் இணையப் பக்கத்தில் பக்தர்கள் கருத்து எழுதும் இடத்துக்குப் போய், தலைவரைத் தாக்கிப் பெயரில்லாமல் எழுதினார். மறுவாரம் அந்தத் தலைவரே எங்கள் கடைக்கு வந்து, தன்னைத் தானே ஆதரித்துப் பெயரில்லாமல் எழுதினார். ஒரு சனிக்கிழமை இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் ஜோசபினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். எழுந்து போகும்போது கமிட்டிக்காரர் என்னிடம் குனிந்து சொன்னார். "எவனோ தலைவருக்கு சப்போர்ட்டா எழுதறான் அக்கா. யாருன்னு தெரிஞ்சா கமிட்டிக்கு இழுத்துப் போட்டுக்கலாம், நல்ல மூளை."

லெட்சுமி ஏ/பி முனியாண்டி

சிரிப்பெல்லாம் லெட்சுமி வந்த ஞாயிற்றுக்கிழமையோடு குறைந்தது. ராவாங்கில், ஷூ செய்கிற ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண். சப்பாத்துக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவு, பசையை மலாயில் சொல்கிற மாதிரி எல்லாரும் 'கம் செக்‌ஷன்' என்றுதான் சொல்வார்கள். சன்னல் இல்லாத அறை, பசையின் நாற்றம், வாரத்துக்கு ஒருத்தி மயங்கி விழுவாள். ஒவ்வொரு தடவையும் ஆஃபிசிலிருந்து ஒருவர் வந்து 'காலையில் சாப்பிடவில்லை' என்று எழுதிக்கொண்டு போவாராம். இந்தச் சப்பாத்துகளை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஓர் இணையப் பக்கம் இருக்கிறது, அதில் யாரும் எழுதலாம் என்று லெட்சுமி எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். ராவாங்கில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் ரயிலேறி எங்களிடம் வந்தாள். எழுதியது தெரிந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வீடே நடந்தது.

ஜோசபின் அவளுக்கு வேறு நாட்டுக் கணினி வழியாகப் போகிற வழியைப் போட்டுக் கொடுத்தாள். பதில் வருவதற்குப் பொய்ப் பெயரில் ஓர் ஈமெயிலும் திறந்து கொடுத்தாள். லெட்சுமிக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக்கூட்டி வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் தட்டுவாள். ரொம்ப நேரம் கழித்து, "முடிச்சிட்டேன் அக்கா" என்றாள். அனுப்புவதற்கு முன் நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன், பார்த்தது நல்லதாகப் போயிற்று. மேலே 'லெட்சுமி ஏ/பி முனியாண்டி', அதாவது முனியாண்டி மகள் லெட்சுமி, என்று அப்பா பெயரோடு போட்டு, பக்கத்தில் அடையாள அட்டையின் ஐசி நம்பரையும் எழுதி வைத்திருந்தாள். பிறந்ததிலிருந்து எந்த ஃபாரத்தைப் பார்த்தாலும் பெயர், அப்பா பெயர், ஐசி நம்பர் என்று நிரப்பிப் பழகிய கை. நான் அதை அழித்தேன். லெட்சுமிக்கு அது சரியாகப் படவில்லை. "ஐசி நம்பர் போடலைன்னா நம்ம சொல்றது உண்மைன்னு அவங்க எப்படி அக்கா நம்புவாங்க?"

பதிலும் பயமும்

அவர்கள் நம்பினார்கள். அடுத்த வாரமே பதில் வந்தது: எந்தப் பசை, டின்னில் என்ன எழுதியிருக்கிறது, அறையில் காற்றாடி உண்டா? லெட்சுமி வாரா வாரம் வந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதினாள். டின் மேல் இருந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, கையைக் கூடச் சுத்தமாகத் துடைக்காமல் தட்டினாள். அவளுடைய பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பெண்ணை எவனும் கண்டுபிடிக்க விடக் கூடாது என்று நானும் மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனி தொழிற்சாலையை விளக்கம் கேட்டது. தொழிற்சாலையில் யார் எழுதியது என்று தேட ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் வழியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கடிதம் எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டிலிருந்து வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கம்பியில் கசியாதது வாயில் கசிந்தது. லெட்சுமியின் தோழி ஒருத்தி, நல்ல எண்ணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை இருக்கிறது, அங்கே பெயர் தெரியாமல் எதையும் எழுதலாம் என்று தொழிற்சாலை ஹாஸ்டலில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அது ஆஃபிஸ் வரை போய்விட்டது. லெட்சுமி வந்து இதைச் சொன்னாள். இனிமேல் வராதே என்றேன். அவள் கேட்கவில்லை. "இன்னும் ஒரு கேள்விக்கு பதில் சொல்லணும் அக்கா. பாதியில விட்டா, அந்த ரூம்ல விழுந்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பிறந்தநாள் வாழ்த்துகள்

அந்தக் கடைசி பதிலை எழுத லெட்சுமி உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்தார். காலியிடம் எத்தனையோ இருக்க, கடையில் அப்போது இருந்த ஒரே பெண் வாடிக்கையாளரான லெட்சுமிக்கு அடுத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். லெட்சுமி தலை நிமிரவில்லை. அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு அதை நகர்த்தவே இல்லை. உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் சாய்ந்தது. எனக்குப் பொறி தட்டியது. இவர் திரையைப் பார்க்க வரவில்லை, அவள் வாயைக் கேட்க வந்திருக்கிறார். லெட்சுமியோ எழுத்துக்கூட்டி முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். எத்தனை நாட்டைச் சுற்றி அனுப்பினாலும், இந்த இரண்டு முழத் தூரத்தை மறைக்க எங்களிடம் ஒரு கருவியும் இல்லை.

போய் அவளை நிறுத்தினால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரேடியோவை எடுத்து நடு மேஜையில் வைத்து முழுச் சத்தத்தையும் திருப்பினேன். பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது. அன்புடன் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பெரியப்பா, சித்தி என்று ஊர்ப்பட்ட பெயர்கள். அதுவும் போதாது என்று தோன்றியது. கனகசபை அங்கிளிடம் போய், "அங்கிள், இன்னைக்கு நல்லா சத்தமா வாசிங்க" என்று காதோடு சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அந்த இஸ்திரிச் சட்டையைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தன் தங்கைக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை, காற்புள்ளி முற்றுப்புள்ளியோடு, ஆஃபிஸ் குரலில் வாசிக்க ஆரம்பித்தார்.

லெட்சுமியின் முணுமுணுப்பு அதில் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் அனுப்பிவிட்டு எழுந்தாள், ஜோசபின் அவள் நாற்காலி சூடு ஆறுவதற்குள் எல்லாவற்றையும் அழித்தாள். லெட்சுமி படியிறங்கிப் போகும் வரை அங்கிள் நிறுத்தவில்லை. பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்தார். முகமெல்லாம் வேர்வை, அதில் ஒரு சந்தோஷம். "எத்தனை காலம் ஆஃபிசில வாசிச்சனான் பிள்ளை. இண்டைக்குத்தான் அது ஒரு மனுசருக்கு உதவினது."

மூன்றாவது மேஜை ரசம்

அந்த மனிதர் போகவில்லை. நேராகக் கவுண்டருக்கு வந்தார். பெயர் சேகர், அந்தத் தொழிற்சாலையின் பெர்சனல் ஆஃபிசர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பசை ஒட்டுகிற அத்தனை பெண்களில் லெட்சுமியின் முகம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தக் கடையிலிருந்து தங்கள் தொழிற்சாலையைப் பற்றி யாரோ எழுதுகிறார்கள், யார் என்று சொன்னால் போதும் என்றார். நான் தெரியாது என்றேன். எந்தக் கம்ப்யூட்டர் என்று காட்டுங்கள், ஆள் கூட்டி வந்து பார்க்கிறேன் என்றார். எல்லாவற்றையும் துடைத்தாகிவிட்டது என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "கடை லைசென்ஸ் ரினியூ பண்ணணும்ல அக்கா? எங்க பாஸுக்கு நகராட்சியில ஆள் இருக்கு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம்தான். அந்தக் கடையைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் அவர் முகத்தில் எனக்குப் பழைய மேனேஜரின் முகம் தெரிந்தது, பயத்தோடு கோபமும் வந்தது. இந்தத் தடவை கழற்றி வைக்க ஹெட்ஃபோன் இல்லை. அப்போது, துணியோடு ஒவ்வொரு மேஜையாகத் துடைத்துக்கொண்டிருந்த ஜோசபின் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "கீழ சாப்பாட்டுக் கடையில போய், நேத்து மத்தியானம் மூணாவது மேஜையில யார் ரசம் குடிச்சாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அவங்க சொன்னா நாங்களும் சொல்றோம்."

காற்று

அதற்குப் பிறகு லெட்சுமி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் நான் எட்டிப் பார்ப்பேன். வேலை போய்விட்டதோ, வீட்டில் என்ன பாடோ என்று மனது அடித்துக்கொள்ளும். போன் நம்பரும் இல்லை, வீட்டு விலாசமும் இல்லை. எதுவும் கேட்பதில்லை என்று நாங்களே போட்ட சட்டம் எங்களையே கட்டிப்போட்டிருந்தது. லைசென்ஸும் ஒரு வழியாகக் கிடைத்தது, கேட்காத கேள்வியெல்லாம் கேட்டு அலைய வைத்த பிறகு.

ஒருநாள் கோயிலுக்கு வந்த லெட்சுமி, நெற்றியில் விபூதியோடு மேலே ஏறி வந்தாள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்களாம். அவர்கள் வருவதற்குள் சுவரை உடைத்துப் பெரிய காற்றாடிகள் வைத்தார்களாம். எழுதியது யார் என்று தொழிற்சாலைக்குக் கடைசி வரை தெரியவில்லையாம். அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோசபின் கீழே போய் மூன்று கோப்பி வாங்கி வந்தாள். லெட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு, தனக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி சொன்னாள். "அக்கா, இப்ப எங்க செக்‌ஷன்ல காத்து வருது."

மூலை நாற்காலி

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சேகர் வந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. நேராகக் கவுண்டருக்கு வந்தார். வெளிநாட்டு ஆட்கள் போனதும் கரண்ட் செலவென்று காற்றாடிகளை நிறுத்திவிட்டார்களாம். மறுபடியும் ஒரு பெண் விழுந்திருக்கிறாள். "காலையில சாப்பிடலன்னு எழுதிட்டு வருவேனே, அந்த ஆள் நான்தான் அக்கா. இந்தத் தடவை பேனா ஓடல" என்றார். அன்றைக்கு எழுதியவர் பெயரை நான் சொல்லியிருந்தால் அந்த ஆளின் கதி என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திட்டி அனுப்ப எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தான், பிடித்தவர்களுக்கு ஒன்று பிடிக்காதவர்களுக்கு ஒன்று கிடையாது. டீச்சர் உட்கார்ந்த அந்த மூலை நாற்காலியைக் காட்டினேன். ஜோசபின் வேறு நாட்டு வழியைப் போட்டுக் கொடுத்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பிறகு தானாகவே போய் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தாள். சேகர் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார், உதடு அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பி, சின்னக் குரலில் கேட்டார். "அக்கா, இங்க ஐசி நம்பர் போடணுமா?"

ஆக, பாதி உலகத்தைச் சுற்றிவந்து மறைகிற வித்தையைக்கூட ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், நம் ஆட்களை ஐசி நம்பர் போடாமல் உண்மையை எழுத வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.